ரெண்டு பூனை அஞ்சாகும் வீடு: கொல்லைக் கதவைத் திறக்கும் முன் போடவேண்டிய கணக்கு

கொல்லைப்புறம்:

தனி வீடு, மூணு ரூம், பின்னால சின்னக் கொல்லை. உள்ளே ரெண்டு பூனை. கடுவன் 3 வயசு, கருத்தடை ஆபரேஷன் ஆயிடுச்சு. பெட்டை 5 மாசம், இன்னும் பண்ணலை. கொல்லை வாசலுக்கு ஒரு மூணு கலர் பூனை சாப்பாட்டுக்கு வந்து பழகிடுச்சு. இப்போ வயிறு ரெண்டு பக்கமும் புடைச்சுத் தெரியுது. குட்டி போடுற வரைக்குமாவது உள்ளே விடலாம்னு வீட்டுல பேச்சு. விட்டா பழசு ரெண்டும் சும்மா இருக்குமா? மலம், மூத்திரம் போக எத்தனை மண் தட்டு வேணும்? ஒரு வீடு எத்தனை பூனை வரைக்கும் தாங்கும்? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

வாசுகி_நெல்லை:

நீங்கள் கேட்டவற்றுக்கு முன்னால் பார்க்கவேண்டியது உள்ளே இருக்கும் அந்த 5 மாதப் பெட்டையை. வெளியே இருப்பதைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும்போதே உள்ளே இருப்பது சினை பிடித்துவிடும். பெட்டைப் பூனை 4 மாதத்திலேயே ஹீட்டுக்கு வந்து, அதாவது கடுவனைத் தேடி, கத்தத் தொடங்கலாம். 6 மாதத்துக்குள் பெரும்பாலும் தொடங்கிவிடும். "ஒரு ஈத்து ஈனட்டும், அதுதான் உடம்புக்கு நல்லது" என்பது வெறும் பேச்சு. முதல் ஹீட்டுக்கு முன்பே ஆபரேஷன் செய்தால் பின்னாளில் மடியில் கட்டி வரும் வாய்ப்பு வெகுவாகக் குறையும். எடை 2 கிலோ தொட்டு, தடுப்பூசி முடிந்திருந்தால் இந்த வாரமே டாக்டரிடம் நாள் கேளுங்கள்.

ஏன் அவசரம் என்பதற்குக் கணக்கு இது. சினைக்காலம் 63 முதல் 65 நாள். ஒரு ஈத்தில் சராசரியாக 4 குட்டி. பால் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே, குட்டி பிறந்து சில வாரங்களில், தாய் மறுபடி ஹீட்டுக்கு வரலாம். ஜனவரியில் 4 போட்டால் மே மாதம் இன்னொரு 4, செப்டம்பரில் மூன்றாவது 4. ஜனவரிக் குட்டிகளில் 2 பெட்டை என்றால் அவை ஜூனில் சினையாகி ஆகஸ்டில் ஆளுக்கு 3 போடும். ஒரு பூனை செப்டம்பருக்குள், தாயையும் சேர்த்து, 19 ஆகிவிடும். எல்லாம் பிழைக்காது, தெருவில் பாதிக்குமேல் சாகும். ஆனால் நீங்கள் சோறு போட்டு, தடுப்பூசி போட்டு வளர்க்கும் வீட்டில் பிழைக்கும். குளிர் நாடுகளில் பகல் குறுகும் மாதங்களில் ஹீட் நின்றுவிடும். நம் ஊரில் பகல் நீளம் அதிகம் மாறாததால் வருஷம் முழுக்க வரும்.

அண்ணன், தங்கை, அம்மா, மகன் என்ற வேறுபாடெல்லாம் பூனைக்குக் கிடையாது. ஒரே ஈத்துக் குட்டிகளைச் சேர்த்து வளர்ப்பவர்கள் இதை மறந்துதான் மாட்டிக்கொள்கிறார்கள்.

ராயபுரம்_மத்தி:

அக்கா சொன்னது சரி. கூட ஒண்ணு: ஆபரேஷன் ஆன அன்னிக்கே கடுவனை நம்பிடாதீங்க. உள்ளே மிச்சம் இருக்கிற விந்து தீர 4 முதல் 6 வாரம் ஆகும். அதுவரைக்கும் ஆபரேஷன் ஆகாத பெட்டையோட ஒரே வீட்டுல விடக்கூடாது. இவர் வீட்டுக் கடுவன் பழசு, பிரச்சினை இல்லை.

அப்புறம் இந்த ஹீட் கத்தலை வலின்னு நினைச்சுக்கிட்டு நம்ம ஆளுங்க மனுஷனுக்கு வாங்கிற மாத்திரையைக் கொடுப்பாங்க. பாராசிட்டமால் ஒரு துண்டு போதும், பூனை செத்துப்போகும். ரத்தம் சாக்லேட் கலருக்கு மாறி, மூஞ்சியும் பாதமும் வீங்கும். எந்த மனுஷ மாத்திரையும் கூடாது.

தூண்_பின்னால்:

மூணு கலர் பூனைன்னா பெட்டைன்னு உறுதியா வெச்சுக்கலாம். ஆரஞ்சும் கறுப்பும் ஒரே உடம்புல வரணும்னா ரெண்டு எக்ஸ் குரோமோசோம் வேணும். கடுவன் மூணு கலர்ல வர்றது வெகு அபூர்வம். தனி ஆரஞ்சுன்னா அஞ்சுல நாலு கடுவன்.

குட்டிங்க பிறந்ததும் எது ஆண் எது பெண்ணுன்னு வாலைத் தூக்கிப் பாருங்க. பெட்டைக்கு ரெண்டு துளையும் ஒட்டி இருக்கும், கீழது சின்னக் கோடு. கடுவனுக்கு நடுவுல ஒரு செ.மீ. இடைவெளி, ரெண்டுமே வட்டப் புள்ளி. ஒரு குட்டியைத் தனியாப் பார்த்தா குழப்பும். எல்லாத்தையும் வரிசையா வெச்சு ஒப்பிட்டா உடனே தெரியும். யாருக்காவது கொடுக்கும்போது "ஆண்தான்"னு சொல்லிக் கொடுத்து அது பெட்டையா போனா, ஆறு மாசத்துல அந்த வீட்டுலயும் இதே கதை.

வாசுகி_நெல்லை:

வெளியே இருக்கும் சினைப்பூனைக்கு வருகிறேன். வயிறு பக்கவாட்டில் தெரிகிறது என்றால் 5 வாரம் தாண்டிவிட்டது. சினையோடு ஆபரேஷன் செய்வதும் உண்டு. ஆனால் கடைசி வாரங்களில் ரத்தப்போக்கு அபாயம் கூடும். அது டாக்டர் தொட்டுப் பார்த்துச் சொல்லவேண்டியது. ஈன விடுவதென்றால் உள்ளே, தனி அறையில் ஈன விடுங்கள். வெளியே ஈன்றால் தண்ணீர்த் தொட்டிப் பின்புறம், பக்கத்து வீட்டுப் பரண், விறகுக் குவியல் என்று நாலு இடம் மாற்றும். குட்டிகள் ஒரு மாதம் கழித்து உங்கள் கண்ணில் படும்போது சீறிக்கொண்டு நிற்கும். மனிதக் கை பழகும் பருவம் 2 முதல் 7 வாரம். அது போனால் குட்டியைக் கொடுப்பதும் கடினம், பிடித்து ஆபரேஷன் செய்வதும் கடினம்.

ஈனுவதற்கு 2 அடிக்கு ஒன்றரை அடி அட்டைப்பெட்டி போதும். ஒரு பக்கம் மட்டும் 15 செ.மீ. உயரத்துக்கு வெட்டுங்கள், தாய் தாண்டும், குட்டி தாண்டாது. பழைய பருத்தி வேட்டி விரியுங்கள். டர்க்கி டவல் வேண்டாம், அதன் நூல் வளையத்தில் குட்டியின் நகம் மாட்டும். முக்கத் தொடங்கி அரை மணி நேரத்தில் குட்டி வராவிட்டால் டாக்டரைப் பார்க்கவேண்டும். பிறந்த குட்டி சுமார் 100 கிராம் இருக்கும். சமையல் தராசில் தினமும் ஒரே நேரத்தில் நிறுங்கள், நாளுக்கு 10 முதல் 15 கிராம் ஏறவேண்டும். ஒரு நாள் ஏறாமல் நின்றாலே ஏதோ சரியில்லை என்று அர்த்தம். பால் குடிக்கிற மாதிரி வாய் வைத்துக்கொண்டிருக்கும், உள்ளே போயிருக்காது. பார்வைக்குத் தெரியாதது தராசில் தெரிந்துவிடும்.

குட்டிகளுக்கு 6, 7 வாரம் ஆனதும் தாய்க்கு ஆபரேஷன். மடி இன்னும் பெருத்திருந்தால் விலாப்பக்கம் கீறிச் செய்யச் சொல்லலாம். நம் ஊர் டாக்டர்கள் பலருக்கு அது பழக்கமான முறை.

சூளைமேடு_மாடி:

இவ்வளவு எதுக்குங்க? தெருப்பூனைக்குச் சாப்பாடு போடறதை நிறுத்தினா அதுவே வேற இடம் பார்த்துக்கும். இல்லேன்னா சாக்குல கட்டி மீன் மார்க்கெட்ல விட்டுட்டு வந்தா அங்கே நல்லா சாப்பிட்டுப் பிழைக்கும். எங்க ஏரியாவுல எல்லாரும் அதைத்தான் பண்றாங்க.

ராயபுரம்_மத்தி:

மாடி சார், மார்க்கெட்டுல ஏற்கெனவே இருக்கிற கடுவனுங்க புதுசா வந்ததை முதல் ராத்திரியே கிழிச்சுப் போட்டுடும். மீன் வெட்டுற இடத்துல நாய் வேற. சினைப்பூனையை அங்கே விடறது கொல்றதுக்குச் சமம். 1960ஆம் வருஷத்து விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்துல 11ஆவது பிரிவு, பசி தாகத்துல கஷ்டப்படுற மாதிரி விலங்கைக் கைவிடறதையும் குற்றம்னுதான் சொல்லுது. சரி, சட்டத்தை விடுங்க. ஒண்ணைக் கொண்டுபோய் விட்டா அந்த இடத்துக்கு அடுத்தது வந்துடும். குப்பைத்தொட்டியும் எலியும் அங்கேயேதானே இருக்கு? ஆபரேஷன் பண்ணி அதே இடத்துல விட்டாத்தான் எண்ணிக்கை நிக்கும். விடும்போது காது நுனியைக் கொஞ்சம் வெட்டி அடையாளம் வெப்பாங்க. தூரத்துல இருந்தே தெரியும், மறுபடி பிடிச்சு மயக்க ஊசி போடவேண்டியதில்லை.

சாப்பாடு போடறதுல முறை முக்கியம். கிண்ணத்தை நாள் முழுக்க வாசல்ல வெச்சா தெருவே வரும். ஒரே நேரம், அரை மணி, மிச்சத்தை எடுத்துடணும். பழகின நேரத்துக்கு வர்ற பூனையைத்தான் கூண்டுல பிடிக்க முடியும்.

கொல்லைப்புறம்:

பிடிக்கிறதுன்னா எப்படிங்க? கிட்ட வருது, ஆனா கையை நீட்டினா ஓடுது.

ராயபுரம்_மத்தி:

கையால வேண்டாம். கெட்டியான கடி பட்டா பல் ஆழமா இறங்கும், மேல மூடிக்கிட்டு உள்ளே சீழ் வைக்கும். (பட்டுட்டா ஓடற தண்ணியில சோப்புப் போட்டு 15 நிமிஷம் கழுவிட்டு, அன்னிக்கே அரசு ஆஸ்பத்திரி. ரேபிஸ் ஊசி அங்கே இலவசம்.)

பிடிக்கிறதுக்குப் பலகை மிதிச்சா கதவு விழுற கூண்டு வேணும், நீளம் குறைஞ்சது இரண்டரை அடி. விலங்கு நல அமைப்புங்க சிலது இரவல் தரும். முதல் நாலஞ்சு நாள் கதவு விழாத மாதிரி கம்பி போட்டுக் கட்டிடுங்க. சாப்பாட்டை முதல்ல கூண்டு வாசல்ல, அடுத்த நாள் கொஞ்சம் உள்ளே, அப்புறம் கடைசியில பலகைக்கு அந்தப் பக்கம். கீழே கம்பி வலை காலை உறுத்தும், அதனால செய்தித்தாள் விரிச்சு மேல கொஞ்சம் மண் தூவுங்க. பிடிக்கிற நாளுக்கு முந்தின வேளைச் சாப்பாட்டை நிறுத்திட்டு, அன்னிக்கு மத்தியை லேசா வாட்டி வையுங்க. கருவாடும் இழுக்கும், ஆனா உப்பு. துண்டு ஒண்ணு போதும்.

கதவு விழுந்ததும் பூனை மூக்கைக் கம்பியில இடிச்சுக் கிழிச்சுக்கும். கையில போர்வை தயாரா இருக்கணும், ரெண்டு செகண்டுல கூண்டு முழுக்க மூடிடுங்க. இருட்டானா அடங்கிடும். சினைப்பூனைன்னா கொஞ்சம் நிதானம், நேரா ரூமுக்குக் கொண்டுபோய் கூண்டைத் திறந்துவிட்டுட்டு வெளியே வந்துடுங்க.

ஊசி_மருந்து:

இங்க யாரும் இன்னும் நோயைப் பத்திப் பேசலை. ரெண்டிலிருந்து அஞ்சாகிற வீட்டுல பூனை சாகிறது சண்டையில இல்லை, புதுசு கொண்டுவர்ற வைரஸ்ல.

முதல் எதிரி, பூனைக்கு வர்ற பார்வோ வைரஸ், அதாவது பான்லூகோபீனியா. வாந்தி, பேதி, தண்ணிக் கிண்ணத்து மேல தலையைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருக்கும், ஆனா குடிக்காது. தடுப்பூசி போடாத குட்டிங்களுக்கு வந்தா பெரும்பாலும் பிழைக்காது. நோய் வெளியே தெரிய 2 முதல் 10 நாள் ஆகும். அதனாலதான் புதுப் பூனைக்கு 14 நாள் தனி ரூம். அது கதவு வெச்ச ரூமா இருக்கணும், ஹாலுக்கு நடுவுல கூண்டு வெச்சா கணக்கில்லை. அந்த ரூமுக்குத் தனித் தட்டு, தனிக் கிண்ணம், தனிச் செருப்பு. பழசுங்களுக்குச் சாப்பாடு போட்டு முடிச்சுட்டுக் கடைசியாத்தான் புதுசுகிட்ட போகணும், இந்த வரிசையை மாத்தக் கூடாது.

இந்த வைரஸ் தரையில ஒரு வருஷம்கூட உயிரோட இருக்கும். டெட்டாலுக்கும் பினாயிலுக்கும் அசையாது. அதோட ரெண்டுமே பூனைக்கு விஷம்: பீனால் வகையைக் கழிச்சு வெளியேத்தற சக்தி பூனை ஈரலுக்கு ரொம்பக் குறைவு. தரையில நடந்து, பாதத்தை நக்கி, உள்ளே போகும். நம்ம வீட்டுல விடிஞ்சா பினாயில் ஊத்தித்தான் துடைப்போம், இதை முதல்ல நிறுத்தணும். வேலை செய்யறது குளோரின் பிளீச்சிங் திரவம், 1 பங்குக்கு 32 பங்கு தண்ணி. முதல்ல சோப்புத் தண்ணியில அழுக்கைக் கழுவிட்டு, பிளீச் ஊத்தி 10 நிமிஷம் ஊறவிட்டு, நல்ல தண்ணியில அலசி, காய்ஞ்சப்புறம்தான் பூனையை விடணும். மூத்திரம் இருக்கிற இடத்துல நேரா பிளீச் ஊத்தாதீங்க, வர்ற வாயு நமக்கே மூச்சை அடைக்கும்.

தடுப்பூசி: பான்லூகோபீனியா, சளி கொண்டுவர்ற ஹெர்பஸ், கேலிசி வைரஸ் மூணுக்கும் சேர்ந்தது 8 வாரத்துல ஒண்ணு, 12ல ஒண்ணு, 16ல ஒண்ணு. ரேபிஸ் 12 வாரத்துக்கு மேல. பழைய ரெண்டுக்கும் ஊசி பாக்கி இருந்தா, புதுசு உள்ளே வர்றதுக்கு முன்னால முடிச்சுடுங்க. ரத்தத்துல லுகீமியா வைரஸ், எஃப்.ஐ.வி. (எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கிற வைரஸ்) ரெண்டுக்கும் ஒரே கிட்ல சோதனை இருக்கு. குட்டிக்கு எஃப்.ஐ.வி. பாசிட்டிவ்னு வந்தா பயப்படாதீங்க. தாயோட எதிர்ப்புப் புரதமே அப்படிக் காட்டும், 6 மாசத்துக்கு மேல மறுபடி பாருங்க.

உண்ணியும் தெள்ளும்: நெருக்கமான பல் இருக்கிற சீப்பால வால் அடியில சீவி, விழுந்த கறுப்புத் தூளை நனைஞ்ச வெள்ளைத் துணியில போடுங்க. மண்ணுன்னா கறுப்பாவே கிடக்கும். தெள்ளுப் புழுக்கைன்னா சுத்தி செம்பழுப்பு வளையம் பரவும், உறிஞ்சின ரத்தம்தான் அது. ஒரு பூனைக்கு மட்டும் மருந்து விட்டா வீணாப் போச்சு. எல்லாத்துக்கும் ஒரே நாள், மாசம் ஒரு தடவை, விடாம 3 மாசம். முட்டை பூனை மேல இருக்கறதைவிட பாய், சோபா, கதவிடுக்குலதான் அதிகம். பெர்மெத்ரின் இருக்கிற நாய் மருந்தைப் பூனைமேல விட்டா வலிப்பு வந்து சாகும், கடைக்காரர் "ரெண்டுக்கும் ஒண்ணுதான்"னு சொன்னாலும் டப்பாவைப் படிங்க.

மகிழ்_பரண்:

14 நாள் முடிஞ்சு பழக்கறது எப்படின்னு நான் எழுதறேன். ஏன்னா பாதிப் பேர் கதவைத் திறந்து "போய் விளையாடு"ன்னு விட்டுட்டு அப்புறம் அழறாங்க.

பூனைக்கு மூக்குதான் முதல். புதுசோட கன்னத்துல ஒரு பருத்தித் துணியைத் தேய்ச்சு பழசு சாப்பிடற கிண்ணத்துக்கு ஒரு அடி தள்ளி வையுங்க. முகர்ந்துட்டு சாப்பிடப் போனா அடுத்த நாள் இன்னும் கிட்ட. சீறிட்டுப் போனா தூரம் கூட்டுங்க. பழசோட துணி புது ரூமுக்கும் போகணும். அப்புறம் மூடின கதவுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாப்பாடு. ரெண்டும் கதவோரம் நிம்மதியா சாப்பிட்டா கதவுக்குப் பதிலா கொசுவலைச் சட்டம். வலைக்குப் பின்னால் பார்த்துக்கிட்டே சாப்பிடட்டும். அதுக்கப்புறம்தான் நேர்ல, முதல்ல பத்து நிமிஷம், சாப்பாட்டு நேரத்துல. மொத்தம் ரெண்டு வாரமும் ஆகலாம், ரெண்டு மாசமும் ஆகலாம்.

சீறல், ஒரு அறை, முறைச்சுட்டு விலகறது, இதெல்லாம் பேச்சுவார்த்தை, தலையிடாதீங்க. கண் சிமிட்டாம வெறிச்சு, காது பின்னால படிஞ்சு, உடம்பு கீழே ஒட்டினா அடுத்தது பாய்ச்சல். கையை விடாம நடுவுல அட்டை ஒண்ணைச் சொருகுங்க. சண்டைச் சூட்டுல அது உங்க கையையும் பார்க்காது.

ஆபரேஷனுக்குப் போய் வந்த பூனையையும் புதுசு மாதிரிதான் நடத்தணும். ஆஸ்பத்திரி மருந்து வாடையில கூடப் பிறந்ததே அதை அடையாளம் தெரியாம அடிக்கும். ஒரு ராத்திரி தனியா வெச்சு, வீட்டுத் துணியால துடைச்சு விடுங்க. தையலை அதுவும் நக்கும், மத்த பூனையும் நக்கும். 10 முதல் 14 நாள் கழுத்துப் பட்டை இல்லேன்னா வயித்தை மூடற துணிச்சட்டை. பழைய காலுறையோட மேல் பாகத்தை வெட்டி நாலு ஓட்டை போட்டா சின்னப் பூனைக்குச் சரியா வரும்.

தூண்_பின்னால்:

தட்டுக் கணக்கு: பூனை எண்ணிக்கை கூட்டல் ஒண்ணு. ரெண்டுக்கு மூணு, மூணுக்கு நாலு.

சூளைமேடு_மாடி:

நாலு தட்டா? ஃபிளாட்டுல மனுஷனுக்கே ரெண்டு பாத்ரூம்தான்.

தூண்_பின்னால்:

எண்ணிக்கையைவிட இடம்தான் முக்கியம். நாலு தட்டையும் பால்கனியில வரிசையா வெச்சா பூனைக்கு அது ஒரே தட்டு. மூணு பூனைக்கு மூணு தட்டு, மூணும் வேற வேற இடத்துல, போக வர ரெண்டு வழியோட இருந்தா பல வீட்டுல ஓடிடும். கவனிச்சா தெரியும்: பால்கனி வாசற்படியில ஒரு பூனை காலை நீட்டிப் படுத்திருக்கும், கண்ணு பாதி மூடி, வால் நுனி மட்டும் அசையும். தூங்குதுன்னு நாம தாண்டிப் போவோம். உள்ளே போகணும்னு வர்ற இன்னொரு பூனை நாலடி தள்ளி நின்னு, வேற எங்கேயோ பார்க்கிற மாதிரி பார்த்துட்டு, திரும்பி நம்ம மெத்தைக்குப் போயிடும். சண்டை எதுவும் நடந்திருக்காது, மெத்தை நனைஞ்சிருக்கும். மூடி போட்ட தட்டுல இது இன்னும் மோசம், உள்ளே போனது வெளியே வர ஒரே வாசல்.

கடைத் தட்டு பெரும்பாலும் சின்னது. மூக்கிலிருந்து வால் அடி வரைக்கும் அளந்து அதுல ஒண்ணரை மடங்கு நீளம் வேணும். 45க்கு 60 செ.மீ. பிளாஸ்டிக் துணிப்பெட்டி வாங்கி, ஒரு பக்கத்தை 12 செ.மீ. உயரத்துக்கு வெட்டி, வெட்டின ஓரத்தை உப்புத்தாளால தேய்ச்சுட்டா போதும். அதுல 5 செ.மீ. ஆழத்துக்கு பென்டோனைட், அதாவது கட்டி பிடிக்கிற களிமண், கொட்டினா பதிமூணரை லிட்டர், எடையில கிட்டத்தட்ட 12 கிலோ. 5 கிலோ பை ஒண்ணை வாங்கி ரெண்டு தட்டுல பிரிச்சுப் போட்டுட்டு "கட்டியே பிடிக்கலை, அடியில ஒட்டுது"ன்னு சொல்றவங்களுக்கு இதுதான் காரணம்.

ரெண்டு மாசத்துக்குக் கீழே உள்ள குட்டிக்குக் கட்டி பிடிக்கிற மண் ஆகாது, தின்னுடும், குடல்ல கெட்டியாகும். அதுங்களுக்கு மரத்தூள் உருண்டை. சோயாவுல செஞ்ச டோஃபு மண் கடற்கரை ஊருல மழைக்காலத்துல பூசணம் பிடிக்குது, பையைத் திறந்தா டப்பாவுல மாத்துங்க. எம்-சாண்ட் தூசி பறக்கும், கழுவிக் காயவெச்சாத்தான் உபயோகம், நாத்தம் அடங்காது. காலையும் ராத்திரியும் அள்ளணும். வீட்டுல கர்ப்பிணி இருந்தா தட்டு வேலை வேற ஆளுக்கு. பூனை மலத்துல வர்ற டாக்ஸோபிளாஸ்மாங்கிற ஒட்டுண்ணியோட முட்டை வெளியே வந்து ஒரு நாள் கழிச்சுத்தான் தொத்தற பக்குவத்துக்கு வரும், தினம் அள்ளறதோட பலன் அதுல இருக்கு.

ஊசி_மருந்து:

அள்ளும்போது கட்டிகளை எண்ணுங்க. ஒரு பூனைன்னா அது மூத்திரம் போகலைன்னு உடனே தெரியும். மூணு பூனை வீட்டுல எது போகலைன்னு தெரியவே தெரியாது. கடுவன் தட்டுல உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்து வருது, சொட்டு சொட்டா வருது, இல்லை வரவே இல்லைன்னா அன்னிக்கே ஆஸ்பத்திரி. குழாய் அடைச்சா ஒண்ணு ரெண்டு நாளுக்குள்ள உயிர் போகும். இதை "மார்க் பண்ணுது, குறும்பு"ன்னு விட்டுடுவாங்க. நின்னுக்கிட்டே சுவர்ல பீச்சினா மார்க்கிங். உட்கார்ந்து முக்கினா நோய்.

எது பேதி போகுதுன்னு கண்டுபிடிக்க, நச்சில்லாத குழந்தைங்க கிரேயானைத் துருவி ஒவ்வொண்ணு சாப்பாட்டுலயும் ஒரு கலர் கலந்து விடலாம். மறுநாள் கலர் சொல்லிடும்.

மீனாட்சி_கும்பகோணம்:

நாங்க தயிர்சாதம், பால், மீன் தலை வேகவெச்ச சாதம் இதுதான் போடறோம். மூணுக்கும் பாக்கெட் உணவு வாங்கினா கட்டுபடியாகாதே அண்ணா?

வாசுகி_நெல்லை:

கட்டுபடியாவதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம் அம்மா. 4 கிலோ பூனைக்கு நாளுக்கு 200 முதல் 250 கலோரி. உலர் உணவு 100 கிராமில் 350 முதல் 400 கலோரி இருக்கும். அப்படியானால் ஒரு பூனைக்கு சுமார் 60 கிராம், மூன்றுக்கு 180, மாதத்துக்கு ஐந்தரை கிலோ. ஒரு கைப்பிடி என்று போடும்போதுதான் எட்டு கிலோ ஆகிறது, பூனையும் பெருத்துவிடுகிறது.

தயிர்சாதம் வயிற்றை நிரப்பும், அவ்வளவுதான். பூனைக்கு டாரின் என்ற சத்து இறைச்சியிலிருந்து வந்தே ஆகவேண்டும். இல்லாவிட்டால் இதயம் பெருத்துப் பலவீனமாகும், கண்ணும் போகும். வீட்டில் சமைத்தால் கோழி இதயமும் தொடைக்கறியும் சேருங்கள், வேகவைத்த தண்ணீரைக் கொட்டாதீர்கள். டாரின் அதில்தான் இறங்கும். ஈரலை வாரத்துக்கு ஒரு சிறு துண்டோடு நிறுத்துங்கள், தினமும் போட்டால் வைட்டமின் ஏ மிகுந்து எலும்பு இறுகும். மத்தி மட்டுமே தினமும் போடுவதும் ஆகாது, பச்சை மீனும் ஆகாது. குழம்பில் கிடந்த மீன் வேண்டவே வேண்டாம், வெங்காயமும் பூண்டும் பூனையின் ரத்தச் சிவப்பணுவை உடைக்கும். பாதி உலர் உணவு, பாதி வீட்டுக் கோழி என்று வைத்துக்கொண்டால் செலவும் இறங்கும்.

கிண்ணங்களை ஒன்றை ஒன்று பார்க்காத இடங்களில் வையுங்கள். ஒரு கிண்ணத்தில் மூன்று தலை இருந்தால் ஒன்று இரட்டிப்பாகவும் ஒன்று பட்டினியாகவும் இருக்கும். மாதம் ஒருமுறை ஒவ்வொன்றையும் தூக்கிக்கொண்டு எடைமெஷினில் ஏறி, உங்கள் எடையைக் கழித்து எழுதிவையுங்கள்.

செம்பவாங்_ரவி:

சிங்கப்பூரில் இருந்து ஒரு தகவல். இங்கே வீவக (அரசு கட்டிய அடுக்குமாடி) வீடுகளில் பூனை வளர்க்க அனுமதியே இல்லாமல் இருந்தது. 2024 செப்டம்பர் 1 முதல் அனுமதி, ஆனால் ஒரு வீட்டுக்கு 2 பூனைதான். தனியார் வீட்டுக்கு 3. உரிமம், மைக்ரோசிப் கட்டாயம், ஜன்னலுக்கு வலை போன்ற பாதுகாப்பு வேண்டும். ஏற்கெனவே அதிகம் வைத்திருந்தவர்களுக்கு 2026 ஆகஸ்ட் 31 வரை பதிவு செய்துகொள்ள அவகாசம் கொடுக்கப்பட்டது. இங்கே உள்ள தமிழர்கள் மூன்றாவதை எடுக்கும் முன் இதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

வலை விஷயம் ஊரிலும் பொருந்தும். பால்கனியில் புறா வலை நைலான் நூல், பூனை கடித்து அறுத்துவிடும். இரும்புக் கம்பி வலை, ஓட்டை ஒரு அங்குலத்துக்குள்.

கொல்லைப்புறம்:

எல்லாருக்கும் நன்றி. எத்தனை வரைக்கும்ங்கிற கேள்விக்கு மட்டும் யாரும் பதில் சொல்லலை.

மகிழ்_பரண்:

சொல்றேன். யாரும் "அஞ்சு பூனை வளர்க்கலாம்"னு முடிவு பண்ணி அஞ்சு வெச்சுக்கறதில்லை. நாலு குட்டி பிறக்கும், ஆரஞ்சுக் குட்டியும் வெள்ளைக் குட்டியும் முதல்ல போயிடும். கறுப்போ, ஒரு கண் பூ விழுந்ததோ, பெட்டையோ மிச்சம் நிக்கும். "யாராவது கேட்டா கொடுக்கலாம்"னு வெச்சிருப்பீங்க, மூணு மாசத்துல அது உங்க பூனை. வீட்டுப் பூனை எண்ணிக்கைங்கிறது இப்படி மிச்சம் விழுந்ததோட எண்ணிக்கைதான். அதனால மிச்சம் விழக்கூடியதை முதல்லயே கணக்குல சேருங்க. உங்ககிட்ட ரெண்டு, தாய் ஒண்ணு, மிச்சம் ரெண்டுன்னு வெச்சா அஞ்சு.

அஞ்சுக்கு வருஷச் செலவு போடுங்க: அஞ்சு தடுப்பூசி, மூணு மாசத்துக்கு ஒருதரம் அஞ்சு பூச்சி மருந்து, மாசம் 9 கிலோ சாப்பாடு. அதுக்கு மேல ஒரு அவசர ஆபரேஷனுக்கான பணம் கையில நிக்கணும். வேப்பேரி, நாமக்கல், ஒரத்தநாடு, நெல்லை ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகள்ல தனியாரைவிடச் செலவு குறைவு, ஆனா காலையிலேயே போய் நிக்கணும். அப்புறம் வீட்டுல ஒரு ரூம் எப்பவும் காலியா, கதவு வெச்சு, நோயாளிக்கோ புதுசுக்கோ இருக்கணும். அந்த ரூம்லயும் நிரந்தரமா ஒரு பூனை குடியேறிட்டா உங்க வீடு நிரம்பிடுச்சு, எண்ணிக்கை மூணோ ஏழோ.

குட்டியைக் கொடுக்கும்போது 8 வாரத்துக்கு முன்னால கொடுக்காதீங்க, முதல் ஊசியும் பூச்சி மருந்தும் போட்டு, அட்டையோட கொடுங்க. ரெண்டு ரெண்டாக் கொடுக்க முடிஞ்சா இன்னும் நல்லது. கேட்கிறவங்க வீட்டு மாடி, வலை, பகல்ல ஆள் இருக்காங்களான்னு கேளுங்க. "எலி பிடிக்கத்தான்"னு கேட்கிற குடோனுக்குக் கொடுத்தா ஆபரேஷன் யார் பண்றதுன்னு அங்கேயே பேசி முடிங்க.

ஊசி_மருந்து:

கூட்டம் அதிகமானா வர்ற இன்னொரு நோய் எஃப்.ஐ.பி. சாதாரணக் குடல் கொரோனா வைரஸ் ஒரே தட்டைப் பங்கு போடற பூனைங்களுக்குள்ள சுத்திக்கிட்டே இருக்கும், அதுல சிலதுக்கு உள்ளே மாறி வயித்துல மஞ்சள் நீர் கோத்துக்கும். முன்னால மரணம்தான். இப்போ ஜி.எஸ்-441524 மருந்து நல்லா வேலை செய்யுது, ஆனா வாரக்கணக்குல தினமும் கொடுக்கணும், செலவு பெருசு. தட்டைச் சுத்தமா வெச்சு, எண்ணிக்கையைக் கம்மியா வெச்சுக்கறது மலிவு.

மீனாட்சி_கும்பகோணம்:

இன்னொரு சந்தேகம். நாலு தட்டு வெச்சும் மூணும் ஒரே தட்டுலதான் போகுது. மத்த மூணையும் எடுத்துடலாமா?

தூண்_பின்னால்:

எடுக்காதீங்க அக்கா. அந்தத் தட்டு இருக்கிற இடத்துல ரெண்டு வழி இருக்கும், இல்லேன்னா அங்கே மட்டும் வாஷிங் மெஷின் சத்தம் வராது. என்னன்னு பாருங்க. காலியா கிடக்கிற தட்டுல ஒண்ணை எடுத்து, பழகின தட்டு மண்ணுல ரெண்டு கரண்டி அதுல கலந்து, பழகினதுக்கு ஒட்டி வையுங்க. உபயோகிக்க ஆரம்பிச்சதும் நாளுக்கு ஒரு அடி நகர்த்துங்க. போறதை நிறுத்தினா ஒரு அடி பின்னால கொண்டுவந்து அங்கேயே ஒரு வாரம் விடுங்க.